சென்னை - மதுரை பயணத் தொலைவு

சென்னைக்கும் மதுரைக்கும் இடையிலான பயணத் தொலைவும் நேரமும் செல்லும் வழியைப் பொறுத்து வேறுபடுகின்றன. இரு நகரங்களின் வானூர்தி நிலையங்களுக்கு இடையேயான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 415 கி.மீ. ஆகும். சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 460 கி.மீ. ஆகும்.

வான்வழி

சென்னை வானூர்தி நிலையம் தாம்பரத்துக்கு வடக்கே, மீனம்பாக்கம் - திரிசூலம் பகுதியில் அமைந்துள்ளது. மதுரைக்குப் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே. எனினும் நிலையத்தை அடைதல், பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, இறங்கியபின் நகருக்குள் செல்லுதல் ஆகியவற்றைச் சேர்த்தால் மொத்தப் பயணம் சுமார் நான்கு மணி நேரமாகிறது.

சாலைவழி

சாலை தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், திருச்சிராப்பள்ளி வழியாகச் செல்கிறது. முன்னர் இது தேசிய நெடுஞ்சாலை 45, 45பி என வழங்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டின் எண் மாற்றத்துக்குப் பின் இவ்வழி 32, 132, 38 ஆகிய எண்களைக் கொண்டுள்ளது. மகிழுந்தில் ஏழு முதல் எட்டு மணி நேரமும், பேருந்தில் அதனினும் கூடுதலாகவும் ஆகும்.

தாம்பரத்தின் முக்கியத்துவம்

தெற்கு நோக்கிய நெடுஞ்சாலையும் தொடர்வண்டிப் பாதையும் தாம்பரம் வழியாகவே செல்கின்றன. இதனால் பொங்கல், தீபாவளி நாட்களில் பெருங்களத்தூர் பகுதியில் கடும் நெரிசல் ஏற்படுவதுண்டு. வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் இங்கிருந்து புறப்படுவதால் அவை நகரைக் கடக்கும் நேரம் மிச்சமாகிறது. தாம்பரத்தில் வசிப்போருக்கு இது நன்மையாகும். வடசென்னைப் பயணிகளோ நகரைத் தாமே கடந்து முனையத்தை அடைய வேண்டும். அந்நேரம் பேருந்துக் கால அட்டவணையில் சேர்வதில்லை.