கவிழ்க்கிற வீடு

நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட உள்ள ஒரு கராஜில் குஞ்சியப்பாவின் லொறி நின்றது. எஞ்சினில் ஏதோ ஒழுக்கு. யப்பான் லொறிகளில் எஞ்சின் சாரதியின் இருக்கைக்குக் கீழே இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் கபினை அப்படியே முன்னால் கவிழ்க்க வேண்டும். கராஜுக்குப் புதிதாக வந்த பெடியன் ஒருவன் பூட்டைக் கழற்றிக் கபினைத் தள்ளினான். அடுத்த கணம் உள்ளே ஒரு வீடு இடிந்து விழுவது போலச் சத்தம். தண்ணீர்ப் போத்தல், செருப்பு, தலையணை, கணக்குக் கொப்பி, பழைய பத்திரிகைகள், இரண்டு ஸ்பனர், திருநீற்றுச் சரை எல்லாம் சறுக்கிக்கொண்டு வந்து முன்கண்ணாடியில் குவிந்தன. எல்லாம் அடங்கிய பிறகு, ஆறுதலாக ஒரு தேங்காய் உருண்டு வந்தது. 'டக்' என்று கண்ணாடியில் மோதியது. நட்சத்திரம் போல ஒரு வெடிப்பு.

வழியில் நிறுத்தி முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் உடைக்க வைத்திருந்த தேங்காய் அது.

குஞ்சியப்பா கத்தவில்லை. "கவிழ்க்க முதல் உள்ளுக்கை இருக்கிறதை இறக்க வேணும் எண்டு உனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ தம்பி?" என்று மட்டும் கேட்டார். பெடியன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வது? அந்தக் கபினில் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். இவ்வளவு சாமான் அதற்குள் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று பின்னேரம் முழுவதும் அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எது எங்கே என்பதில் அவருக்கு ஒரு யோசனையும் தேவைப்படவில்லை. எனக்குத்தான் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்க வேண்டியிருந்தது.

எங்கள் நாட்டு லொறியில் சாரதி வலப்பக்கம். கியர் இடப்பக்கம். ஆகவே ஓடும்போது கொஞ்சமாவது ஓய்வாக இருப்பது இடக்கைதான். வீதியில் இருந்து கண்ணை எடுக்காமல் இடக்கை போய்வரக்கூடிய தூரம் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். அந்த முழத்துக்குள் துவாய், தண்ணீர், ரோச், கைத்தொலைபேசி. மற்றதெல்லாம் அதற்கு வெளியே. சாப்பாடு வெளியே என்பதில் அவர் கண்டிப்பு. இடியப்பத்தை வலக்கையால்தான் சாப்பிட வேண்டும், வலக்கை சுக்கானை விடக்கூடாது, அதனால் லொறி நின்றால்தான் சாப்பாடு. பொதி இருப்பதோ இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, எஞ்சின் சூடு மேலே வரும் மேட்டில். குஞ்சியம்மா பின்னேரம் கட்டிக் கொடுத்த புட்டு வவுனியாவில் அவிழ்க்கும்போதும் இளஞ்சூடாக இருக்குமாம். சம்பலை மட்டும் அந்த மேட்டில் வைக்கக்கூடாது. தேங்காய்ப்பூ புளித்துவிடும். அதற்கு இடம் யன்னல் பக்கம்.

போத்தலுக்குத்தான் அவர் மிகவும் பயப்படுகிறார். உருளக்கூடிய எதுவும் சாரதியின் பக்கத்து நிலத்தில் இருக்கக்கூடாது. பிறேக் மிதிக்குக் கீழே ஒரு போத்தல் உருண்டு போய்ச் செருகினால் மிதி இறங்காது. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் லொறி ஒரு செக்கனுக்குப் பதினாறு, பதினேழு மீற்றர் ஓடிவிடும். குனிந்து போத்தலை எடுக்கிற நேரத்தில் ஒரு சின்னப் பாலத்தைக் கடந்து அடுத்த வளைவுக்குள் போய்விடலாம். அதனால் ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கான் கிளீனரின் பக்கம், கதவோடு அணைத்து, பழைய ரியூப்பை வெட்டிய பட்டியால் கட்டியிருக்கிறது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். வட மத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் பரவிய கதைகளைக் கேட்ட பிறகு மதவாச்சிக்கு அங்கால் எங்கேயும் அவர் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. இங்கே எங்கள் தண்ணீருக்கும் ஆயிரம் குறை சொல்கிறார்கள். அதைச் சொன்னால், "தெரிஞ்ச குறை பரவாயில்லை" என்கிறார்.

பிறேக் அடித்தால் அசையாத சாமான் கபினைக் கவிழ்த்தால் ஏன் விழுந்தது என்று கேட்டேன். எவ்வளவு இறுக்கி அடித்தாலும் பாரம் ஏற்றிய லொறி சாமானை முன்னால் தள்ளுவதற்கு ஒரு அளவு உண்டு. அவருடைய பட்டியும் கயிறும் அந்த அளவுக்குக் கட்டியவை. கபின் 45 பாகை சரிந்தால் அந்த அளவு தாண்டிவிடும். இதைப் பாடசாலையில் சாய்தளம் என்று படித்து நான் மறந்துவிட்டேன். அவர் படிக்கவில்லை, மறக்கவும் இல்லை.

மேலே, இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகைத் தட்டு. பாய், தலையணை, மாற்றுச் சாரம், ஒரு சேட்டு. அது சாரதியின் படுக்கை. அகலம் ஒன்றரை அடி இருக்கும், திரும்பிப் படுப்பதென்றால் எழும்பித்தான் திரும்ப வேண்டும். கிளீனருக்குத் தட்டு இல்லை. அவன் மழை இல்லாத நாட்களில் பாரத்தின் மேல், படங்கை விரித்துப் படுக்கிறான். அவனுடைய உடைமை எல்லாம் ஒரு தோள்பைக்குள் அடங்கி, கதவுக் கொளுக்கியில் தொங்குகிறது. இரண்டு பேர் இரவு பகலாக இருக்கிற இடத்தில் ஒருவனுக்கு அலுமாரி, மற்றவனுக்கு ஆணி. குஞ்சியப்பாவும் அப்படித்தான் தொடங்கினாராம், பெட்ஃபோட் லொறி ஒன்றில். தான் சாரதியாக வந்த பிறகு கிளீனருக்கும் ஒரு தட்டு அடித்துக் கொடுத்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சாரதியின் தலைக்கு மேல் உள்ள வெயில் மறைப்பில் ஒரு கண்ணாடிப் பொலித்தீன் உறை. அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்று, தேசிய அடையாள அட்டையின் பிரதி, ஏற்றிய சாமானின் பற்றுச்சீட்டு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, எழுத்து வெளியே தெரியும்படி. எத்தனையோ லொறிகளில் இந்தத் தாள்கள் ஒரு பெட்டிக்குள் கசங்கிக் கிடக்கும். இவர் ஏன் இப்படி வைத்திருக்கிறார் என்பதற்கு விடை யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதியில் இருக்கிறது.

நெல்லியடியையும் லொறியையும் ஒரே வசனத்தில் சொன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு கணம் பேச்சு நிற்கும். 1987 ஜூலை 5ஆம் திகதி இங்கே மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாமுக்குள் விடுதலைப் புலிகளின் வெடிமருந்து ஏற்றிய லொறி ஒன்று போய் வெடித்தது. அது இந்தக் கட்டுரையின் லொறி அல்ல. ஆனால் அதற்குப் பிறகு இந்த நாட்டில் வடக்கு லொறி எதையும் யாரும் வெறும் லொறியாகப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

90களில் ஏ9 மூடிக் கிடந்தது. பற்றரி, எரிபொருள், உரம், சீமெந்து என்று வடக்குக்குக் கொண்டுபோகத் தடை செய்த பொருட்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம் அது. ஸ்ராட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். 2002இல் போர்நிறுத்தம் வந்து வீதி திறந்தபோது குஞ்சியப்பா மறுபடி லொறிக்கு ஏறினார். ஓமந்தையில் இராணுவம் சோதிக்கும். சூனியப் பிரதேசத்தைக் கடந்தால் புலிகளின் சோதனையும் வரியும். வன்னி முழுவதும் ஓடி, பளையில் மறுபடி புலிகள், முகமாலையில் மறுபடி இராணுவம். நாலு இடத்திலும் இறங்கு, திற, காட்டு.

அந்த நாலு ஆண்டுகளில்தான் தன் கபின் ஒழுங்குக்கு வந்தது என்கிறார். சோதிப்பவர் கேட்க முதல் கைகாட்டக்கூடிய மாதிரி எல்லாம் இருக்க வேண்டும். இருக்கைக்குக் கீழே எதையும் ஒளித்தது போல வைக்கக்கூடாது. பையென்றால் ஒரு பை, பத்துச் சின்னப் பை இருந்தால் பத்துத் தரம் கொட்டுவார்கள். கொட்டிய பிறகு அவர்கள் அடுக்கித் தரமாட்டார்கள், பின்னால் நிற்கிற லொறிகள் ஹோர்ன் அடிக்கும். ஆகவே கொட்டினாலும் இரண்டு நிமிடத்தில் அள்ளிப்போடக்கூடிய ஒழுங்கு வேண்டும். உறை கண்ணாடியாக இருந்தால் திறக்கவே மாட்டார்கள். வீட்டில் குஞ்சியம்மா சொன்னால் கட்டிலில் கிடக்கிற சாரத்தைக்கூட மடித்து வைக்காத மனிசன். அந்த ஒழுங்கை அவருக்குப் பழக்கியது முகமாலை. துப்புரவு, அழகு, கரிசனை என்று வீட்டுப் பக்கங்களில் எழுதுகிறார்களே, அந்த வகை ஒழுங்கு இது இல்லை. துவக்கு வைத்திருப்பவன் முன்னால் தாமதமில்லாமல் தன்னைத் திறந்து காட்டப் பழகியவர்களின் ஒழுங்கு.

2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு வீதி மறுபடி மூடியது. யாழ்ப்பாணம் கப்பலை நம்பி இருந்தது. போர் முடிந்து வீதி திறந்த பிறகும் ஓமந்தைச் சோதனைச் சாவடி 2015 வரை இருந்தது. இன்று அந்த இடத்தைக் கடப்பது தெரியாமலே கடந்துவிடலாம். உறை மட்டும் அதே வெயில் மறைப்பில்.

2022இல் அந்த உறைக்குள் இன்னொரு தாள் சேர்ந்தது. டீசல் இல்லை. வரிசையில் லொறிகள் நாள் கணக்காக நின்றன. கபின் அப்போது உண்மையிலேயே வீடானது. சின்ன மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, தேயிலை, சீனி, வாளி ஒன்று என்று ஒவ்வொன்றாக ஏறின. முன்னால் உள்ளவன் ஐந்தடி நகர்ந்தால் கொதிக்கிற கேத்திலோடு தானும் நகர வேண்டும். அந்த ஜூனில் களுத்துறை மாவட்டத்து அங்குருவாத்தோட்டையில் ஐந்து நாள் வரிசையில் நின்ற 63 வயது லொறிச் சாரதி ஒருவர் தன் வாகனத்துக்குள்ளேயே இறந்து கிடந்தார். பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியைக் குஞ்சியம்மா வெட்டி வைத்திருக்கிறார், ஏனென்று கேட்டால் சொல்லமாட்டார். ஜூலையில் கியூஆர் முறை வந்தது. லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர். லீற்றருக்கு 5 கிலோமீற்றர் என்று வைத்தாலும் 250 கிலோமீற்றர். இங்கிருந்து வெளிக்கிட்டால் தம்புள்ளை மட்டும் போகலாம். திரும்பி வர அடுத்த கிழமை வேண்டும். அந்தக் கியூஆர் அட்டை லமினேற் பண்ணினபடி இன்னும் உறைக்குள் இருக்கிறது. முறை முடிந்துவிட்டது, அட்டையை எறிய மனம் வரவில்லை.

அவருடைய மூத்த மகன் கனடாவில் லொறி ஓடுகிறான். வீடியோவில் கபினைச் சுற்றிக் காட்டினான். இரண்டு தட்டுக் கட்டில், குளிர்சாதனப்பெட்டி, மைக்ரோவேவ், உடுப்புத் தொங்கவிட அலுமாரி. பின்னால் நின்று நிமிர்ந்து சோம்பல் முறிக்கலாம். குஞ்சியப்பா முழுவதும் பார்த்துவிட்டு, "சன்னதியான்ரை படம் எங்கை?" என்றார். சந்நிதி முருகன் படம் கண்ணாடிக்குக் கீழே இருபக்க ஒட்டுநாடாவில் இருந்தது. அவ்வளவு வசதி இருந்தும் அங்கே நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓடக்கூடாது, ஓடிய நேரத்தை எழுதுவது பெட்டிக்குள் இருக்கிற கணினி என்று மகன் சொன்னான். ஐரோப்பாவில் இன்னும் ஒரு படி மேலே. 45 மணித்தியால வாராந்த ஓய்வைக் கபினுக்குள் எடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. எவ்வளவு வசதியான கட்டில் போட்டாலும் லொறி வீடாகாது என்பது அவர்களுடைய நிலைப்பாடு. இந்தியாவில் 2025 ஒக்டோபரில் இருந்து தயாராகும் பெரிய லொறிகளின் கபினுக்குக் குளிரூட்டி கட்டாயம். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லக் குஞ்சியப்பா சம்பல் டப்பாவின் மூடியை ரப்பர் வளையத்தால் இறுக்கிக்கொண்டிருந்தார். "ஏசி போட்டா யன்னலைப் பூட்ட வேணும். பூட்டினா ரயர் கத்திறது கேக்காது." பாரம் கூடிய லொறியில் ரயர் சூடாகிறதைச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவர் அவர்.

இருட்டும்போது எல்லாம் உள்ளே போய்விட்டது. வெடித்த கண்ணாடியை மாற்றக் காசில்லை, வெடிப்பு சாரதியின் பார்வைக்குள் வராத இடப்பக்கம் என்பதால் இப்போதைக்கு ஓடலாம் என்று முடிவானது. பொலிஸ் மறித்தால் பார்க்கலாம். பின்னால் வெங்காயம் ஏற்றியிருந்தார்கள், கொடிகாமம் வழியாக ஏ9இல் ஏறிக் கொழும்புக்கு. புதுத் தேங்காய் ஒன்று குஞ்சியம்மா கொண்டுவந்து கொடுத்தார். அதைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேட்டில் வைத்தால் உருளும், தட்டில் வைத்தால் தலையில் விழும், பெட்டிக்குள் வைத்தால் மூடி பூட்டாது. இத்தனை வருடத்தில் தேங்காய்க்கு மட்டும் அவர் ஒரு இடம் கண்டுபிடிக்கவில்லை.

"அது முறிகண்டி மட்டும்தானே," என்றார் குஞ்சியப்பா. கிளீனர் ஏறி இருந்து, தேங்காயை வாங்கித் தன் இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்துக் காலால் இறுக்கிக்கொண்டான். முறிகண்டிக்குப் பிறகு, திரும்பி வரும்வரை அந்த இடத்தில் கச்சான் சரை இருக்கும்.