ஒன்றாம் தேதி சம்பளம் இல்லை: இனி வீட்டுச் செலவை நடத்துவது எப்படி?

ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டோ, தாமாகவே வேலையை விட்டோ வீட்டுக்கு வருபவர் கையில் பெரிய தொகை இருக்கும். ஒன்றாம் தேதி வரும் சம்பளம் இருக்காது. அப்போது பெரும்பாலோர் முதலில் கை வைப்பது மளிகைச் சீட்டில்தான். எண்ணெயைக் குறைக்கலாமா, முந்திரியை நிறுத்தலாமா என்று பேச்சு தொடங்கும். ஆனால், பட்ஜெட் அங்கே உடைவது அபூர்வம். மாதக் கணக்கில் வராத செலவுகளில்தான் உடைகிறது. வேலையில் இருந்தவரை அந்தச் செலவுகளைப் போனஸும் அரியரும் அடைத்துவந்தன. இப்போது அவை இல்லை.

மாதத்தை விட்டு வருடத்தைப் பாருங்கள்

கடந்த 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, செலவுகளை இரண்டாகப் பிரியுங்கள்: மாதாமாதம் வருபவை, வராதவை.

சொந்த ஃபிளாட்டில் இருக்கும் ஒரு தம்பதியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மளிகை, பால், காய்கறி, கேஸ் 16,000 ரூபாய், ஃபிளாட் மெயின்டனன்ஸ் 3,000, வீட்டு வேலைக்கு வருபவருக்கு 3,000, பெட்ரோல் 2,500, மருந்து மாத்திரை 2,000, போன், இன்டர்நெட் 1,500. மொத்தம் 28,000. "எங்கள் செலவு மாதம் 28,000தான்" என்று அவர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

இனி மற்ற பட்டியல். கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு 3,000 வீதம் வருடத்துக்கு 18,000. சொத்து வரி அரையாண்டுக்கு 4,000 வீதம் 8,000. மருத்துவக் காப்பீடு 45,000. வண்டி இன்ஷூரன்ஸ், சர்வீஸ் 20,000. மொய், சீர் 40,000. தீபாவளி, பொங்கல் 35,000. குலதெய்வம் கோயில், வெளியூர்ப் பயணம் 30,000. பெயின்ட், மோட்டார், பழுதான ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கு 44,000. கூட்டினால் 2,40,000; மாதத்துக்கு 20,000.

ஆக, இந்த வீட்டின் உண்மையான செலவு மாதம் 48,000 ரூபாய். 28,000 என்று நம்பி வேலையை விட்டவர், வருடத்துக்கு 2,40,000 ரூபாயை முதலிலிருந்து எடுத்துக்கொண்டே இருப்பார். எங்கே போகிறது என்றும் பிடிபடாது.

உங்களுக்கு நீங்களே சம்பளம்

செட்டில்மென்ட் பணம் விழுந்த கணக்கிலிருந்தே அன்றாடச் செலவுக்கும் எடுக்காதீர்கள். இருப்பில் பல லட்சம் தெரியும்போது ஐயாயிரம் சின்னதாகத்தான் தெரியும்.

இரண்டு கணக்குகளைத் தனியாக வையுங்கள். ஒன்று மாதச் செலவுக்கு. ஒன்றாம் தேதி 28,000 தானாக அதில் வந்து சேரும்படி வங்கியில் சொல்லி வைக்கலாம். இன்னொன்று வருடச் செலவுக்கு. அதில் மாதம் 20,000 சேரட்டும். இன்ஷூரன்ஸ், வரி, மொய் எல்லாம் அதிலிருந்து மட்டும்.

முதல் வருடம் ஒரு சிக்கல் வரும். கணக்கைத் தொடங்கிய இரண்டாவது மாதமே காப்பீட்டுப் பிரீமியம் வந்து நிற்கலாம். கணக்கில் 40,000தான் இருக்கும். எனவே, தொடக்கத்திலேயே அரை வருடத் தொகையை, அதாவது சுமார் 1,20,000 ரூபாயை, அதில் போட்டுவிடுவது நல்லது.

வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் இந்த இரண்டு கணக்குகளும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் கணக்குப் பார்த்து மற்றவர் கேட்டு வாங்கும் வழக்கம், இருவரும் நாள் முழுக்க வீட்டில் இருக்கும்போது சண்டையில்தான் முடியும்.

வீட்டில் இருந்தால் ஏறும் செலவு

ஆபீஸ் போகாததால் பெட்ரோல், வெளிச் சாப்பாடு, உடுப்புச் செலவு குறையும். பதிலுக்குக் கரன்ட் ஏறும். பகல் முழுக்க ஃபேன், டி.வி., வெயில் காலத்தில் ஏ.சி.

தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் கவனிக்க வேண்டிய எல்லை 500 யூனிட். 2025 கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை. 500ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். கூடுதல் யூனிட்டுகளின் விலையும் அதிகம். 500 யூனிட்டுக்குச் சுமார் 1,800 ரூபாய் வரும் பில், 600 யூனிட்டுக்கு 2,900 அருகே போகும். மளிகையில் பிடிக்கும் மிச்சத்தைவிட இது பெரிது.

கரன்ட்டில் ஏறுவதைச் சொத்து வரியில் கொஞ்சம் ஈடுகட்டலாம். வரியை அரையாண்டின் முதல் மாதத்திலேயே, ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் மாநகராட்சி, நகராட்சிகளில் 5% ஊக்கத்தொகை கிடைக்கும். உச்ச வரம்பு 5,000 ரூபாய். வருடச் செலவுக் கணக்கில் பணம் தயாராக இருந்தால்தான் இதைப் பயன்படுத்த முடியும்.

காப்பீட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்

கம்பெனி கொடுத்த குரூப் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு போய்விடும். விலகும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று வருடம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர் பாலிசியைத் தள்ளிப்போட்டால் அந்த மூன்று வருடமும் தள்ளிப்போகும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்பு அது 18% ஆக இருந்தது.

60 வரை உள்ள இடைவெளி

சீக்கிரம் ஓய்வு பெறுபவருக்கு மூத்த குடிமக்கள் சலுகை பலவும் உடனே கிடைக்காது. அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேர வயது 60. ஆனால், 55 வயது முடிந்து ஓய்வோ வி.ஆர்.எஸ்.ஸோ பெற்றவர், ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். உச்ச வரம்பு 30 லட்சம். 8.2% வட்டி என்றால் காலாண்டுக்கு 61,500 ரூபாய். இது மாதாமாதம் வராது என்பதைக் கவனியுங்கள். வந்ததும் மூன்றாகப் பிரித்துச் சம்பளமாக்க வேண்டும்.

55க்குக் கீழே இருப்பவருக்கு அஞ்சலக மாத வருமானத் திட்டம் இருக்கிறது. தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். 7.4% வட்டியில் 15 லட்சத்துக்கு மாதம் 9,250 ரூபாய் வரும். அரசு காலாண்டுதோறும் வட்டியை அறிவிப்பதால், சேரும் நாளின் விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இ.பி.எஃப். பென்ஷன் முழுதாகக் கிடைக்கும் வயது 58. பத்து வருட சர்வீஸ் இருந்தால் 50 வயதிலிருந்தே கேட்கலாம். ஆனால், முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4% குறையும். அந்தக் குறைப்பு 58 ஆனதும் சரியாகிவிடாது, கடைசிவரை தொடரும்.

விலைவாசியும் கைமாற்றும்

விலைவாசி வருடம் 6% ஏறினால், இன்றைய 48,000 ரூபாய்ச் செலவு 12 வருடத்தில் சுமார் 96,000 ஆகும். 52 வயதுக்காரருக்கு அப்போது 64தான். எனவே, வரும் வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துவர வேண்டும். ஒவ்வொரு ஏப்ரலிலும் கணக்கைத் திருப்பிப் பார்த்து உங்கள் "சம்பளத்தை" மாற்றியமையுங்கள்.

செட்டில்மென்ட் வந்த செய்தி உறவுக்குள் பரவ நாளாகாது. கைமாற்று கேட்பவர்களும் வருவார்கள். முழுக்க மறுப்பது நம் ஊரில் நடக்காத காரியம். இந்த வருடம் இவ்வளவு, திரும்பி வராவிட்டாலும் வருடச் செலவு குலையாத அளவு என்று ஒரு தொகையை இருவரும் பேசி முன்பே வைத்துக்கொண்டால், கேட்டவருக்குப் பதில் சொல்வது சுலபம்.

விலகும் முன் ஓர் ஒத்திகை

இன்னும் வேலையை விடாதவர் ஆறு மாதம் இந்தக் கணக்கில் வாழ்ந்து பார்க்கலாம். வரும் சம்பளத்தில் 48,000 ரூபாயை மட்டும் இரண்டு கணக்குகளிலும் பிரித்துப் போட்டு, மீதியைத் தொடாமல் நகர்த்துங்கள். அந்த ஆறு மாதத்தில் ஒரு பண்டிகையும் ஒரு கல்யாண முகூர்த்தமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பணம் போதவில்லை என்றால் தொகையைக் கூட்டுங்கள்; கூட்டிய தொகைக்குச் சேமிப்பு தாங்காது என்றால் வேலையை விடும் தேதியைத் தள்ளிப்போடுங்கள். ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு அந்தத் தேதியை மாற்றுவது எளிதல்ல.