கயாக் கழுவுறது ஈஸி, செக் பண்றதுதான் வேலை

முட்டுக்காடு, கோவளம் பத்தி பேசின எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "சொந்தமா கயாக் வாங்கிட்டேன், கடல்ல ஓட்டிட்டு வந்தா எதைப் போட்டுக் கழுவணும்?"

பதில் சின்னது. தண்ணி. அழுக்கு போகலைன்னா பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ரெண்டு சொட்டு, ஒரு ஸ்பாஞ்ச். தின்னர், பெட்ரோல், கம்பி நார் எதுவும் பக்கத்துல வரக்கூடாது. அவ்வளவுதான், எபிசோட் முடிஞ்சுது. (சிரிப்பு)

ஆனா உப்புக்குப் பயந்து கேக்குறீங்க இல்லையா, அங்கதான் கொஞ்சம் பேசணும். நம்ம ஊர்ல பொதுவா கிடைக்கிறது பிளாஸ்டிக் கயாக். அது பாலிஎத்திலீன். மொட்டை மாடியில இருக்கிற தண்ணித் தொட்டியும் அதே குடும்பம்தான், செய்யுற முறையும் அதேதான்: அச்சுக்குள்ள பிளாஸ்டிக் பவுடரைப் போட்டு, சூடு பண்ணிக்கிட்டே சுத்துவாங்க. உருகின பவுடர் சுவர் முழுக்க ஒட்டி, உள்ளே வெற்றிடமான ஒரே பீஸா வெளியே வரும். இந்த பிளாஸ்டிக்கை உப்பு ஒண்ணும் பண்ணாது. வெயில்தான் எதிரி. தொட்டி கறுப்பா இருக்கிறதுக்குக் காரணமே அதுல கலக்குற கார்பன் பிளாக். அது புற ஊதாக் கதிரைத் தடுக்கும். உங்க மஞ்சள் கயாக்குக்கு அந்தக் குடை கிடையாது. அதுலயும் பாதுகாப்பு ரசாயனம் கலந்திருப்பாங்க, ஆனா அது காலப்போக்குல தீர்ந்துபோற சரக்கு. மேற்பரப்பு சாக்பீஸ் தேய்ச்ச மாதிரி வெளுத்திருந்தா, பிளாஸ்டிக்கோட மூலக்கூறு சங்கிலிகள் அறுந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அடுத்தது முறுமுறுப்பு, அதுக்கு அடுத்தது விரிசல். யூவி ஸ்ப்ரே புது கயாக்குக்கு உதவும், வெளுத்ததைத் திரும்பப் புதுசாக்காது. உட்காருற இடத்துல மட்டும் அடிச்சிடாதீங்க, வழுக்கும்.

அப்போ உப்பு யாரைத் தாக்கும்? ஸ்க்ரூ, ரிவெட், ரடர் கேபிள், லைஃப் ஜாக்கெட் ஜிப். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே"ன்னு கேப்பீங்க. அந்த உலோகத்தைக் காப்பாத்துறது மேல இருக்கிற மெல்லிசான ஒரு ஆக்சைடு படலம். ஸ்க்ரூ தலைக்கு அடியில உப்புத்தண்ணி மாட்டிக்கிட்டா அங்க ஆக்சிஜன் குறையும், படலம் உடையும், குழி விழும். ஸ்டீல் ஸ்க்ரூ அலுமினியத்தைத் தொட்டுக்கிட்டு இருந்தா இன்னும் மோசம். நடுவுல உப்புத்தண்ணி வந்தா அது ஒரு குட்டி பேட்டரி, கரைஞ்சு போறது அலுமினியம். அதனால ஹோஸை ஹல் மேல கால் மணி நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. இடுக்கு இடுக்கா அடிங்க. ஈசிஆர் ஓரம் சில இடத்துல போர் தண்ணியே உப்பு கரிக்கும். அதுல கழுவினா, கடைசியா ஒரு வாளி நல்ல தண்ணி ஊத்தித் துடைச்சிடுங்க.

இப்போ நிஜமான விஷயத்துக்கு வரேன். சிட் ஆன் டாப் மாடல்ல நீங்க உட்கார்ந்திருக்கிறது ஒரு மூடின டப்பா மேல. உள்ளே தண்ணி ஏறினா உங்க கண்ணுக்குத் தெரியாது. 20 லிட்டர் ஏறினா 20 கிலோ. வெயிட்கூடப் பரவாயில்ல. பிரச்சினை என்னன்னா அந்தத் தண்ணி ஒரு இடத்துல நிக்காது. அலையில கயாக் இடது பக்கம் சாஞ்சா மொத்தமும் இடது பக்கம் ஓடும், சாய்வை இன்னும் கூட்டும். கயாக் ஏன் மந்தமா போகுது, ஏன் ஆடுதுன்னு நீங்க யோசிக்கிறதுக்குள்ள கவிழ்ந்திருக்கும். அந்த நேரம் கரை அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தா அது வேற கதை.

அதனால கழுவுற நேரம்தான் செக் பண்ற நேரம். டிரெயின் பிளக் வழியா அஞ்சு லிட்டர் தண்ணி உள்ளே ஊத்தி பிளக்கை மூடுங்க. வெளிப்பக்கத்தை நல்லா துடைச்சிட்டு, ரெண்டு ஸ்டூல் மேல வெச்சு, முன்னாடி பின்னாடி, இடது வலதுன்னு சாய்ச்சு ஒவ்வொரு இடத்துலயும் தண்ணியைக் கொஞ்ச நேரம் நிக்க விடுங்க. எங்க ஈரம் கசியுதோ அதுதான் பக். முதல்ல பாக்க வேண்டியது தண்ணி வடிய மேலிருந்து கீழ வரைக்கும் போற ஓட்டைகள். அதுக்குள்ள கம்பி சொருகித் தூக்குற மாதிரி தள்ளுவண்டி இருக்கு. மொத்த பாரமும் அந்த ஓட்டைச் சுவர்ல விழுறதால அங்க விரிசல் வரும். அப்புறம் பின் முனையோட அடிப்பக்கம், மணல்ல இழுத்தே தேய்ஞ்சிருக்கும். சீட் ரிவெட், ஹேட்ச் ரப்பர், டிரெயின் பிளக்கோட வாஷர் எல்லாத்தையும் ஒரு பார்வை.

விரிசல் இருந்தா சூப்பர் குளூ, எபாக்ஸின்னு ஆரம்பிக்காதீங்க. பாலிஎத்திலீன்ல எதுவும் உருப்படியா ஒட்டாது, ஒட்டின மாதிரி நடிக்கும். பிளாஸ்டிக் வெல்டிங்தான் வழி. கார் பம்பர் சரி பண்ற கடையில செய்வாங்க, ஆனா பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். உங்களுக்குப் பாலிஎத்திலீன் கம்பிதான் வேணும்னு சொல்லிக் கேளுங்க, இல்லைன்னா ரெண்டும் கலக்காது.

வைக்கிற இடம்: நிழல். குப்புறவோ பக்கவாட்டிலயோ வைங்க, பிளக்கைக் கழட்டி ஹேட்ச்சைத் திறந்து விடுங்க. மே மாச வெயில்ல கார் மேல ஸ்ட்ராப்பை இறுக்கிக் கட்டிட்டு டிஃபன் சாப்பிடப் போனா, திரும்பி வரும்போது பள்ளம் விழுந்திருக்கும். லேசான பள்ளத்துக்குக் கவலை வேண்டாம், கட்டை அவிழ்த்துட்டு வெந்நீர் ஊத்தினா பெரும்பாலும் தானா எழும்பிடும்.

இன்னொண்ணு, இது உங்க கயாக்குக்காக இல்ல. எண்ணூர், பழவேற்காடு பக்கம் மீனவர்கள் 'காக்கா ஆழி'ன்னு சொல்ற ஒரு சிப்பி பரவிக்கிட்டு இருக்கு. தென் அமெரிக்கச் சரக்கு, கப்பல்கள் வழியா வந்திருக்கணும்னு சொல்றாங்க. அடித்தரையைப் பாய் விரிச்ச மாதிரி மூடிடுறதால இறால் புதைஞ்சு வாழ இடமில்லாம போகுது. சிப்பியோட குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாம தண்ணியில மிதக்குறவை. கப்பலோட ஒப்பிட்டா நம்ம கயாக் தூசுதான். இருந்தாலும் அங்க ஓட்டிட்டு அடுத்த வாரம் முட்டுக்காடு போறீங்கன்னா, உள்ளே இருக்கிற தண்ணியை எண்ணூர்லயே வடிச்சிட்டு, வீட்டுல முழுசா காயவெச்சிட்டு அப்புறம் இறக்குங்க.

துடுப்பு பத்திக் கேட்டவங்களுக்கு அடுத்த எபிசோட்.