மரங்களுக்கிடையே ஒரு கம்பி

தமிழோசை 2017இல் சிற்றலையை விட்டு நீங்கிய பின்னர் அன்ரனா எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 2018 மார்ச்சில் இலங்கை அரசு சமூக வலைத்தளங்களை முடக்கியதை அவர்கள் மறந்திருக்கலாம். சிற்றலையைக் குழப்பலாம், முற்றாக அடைப்பது கடினம்.

அன்ரனா உயர உயர நல்லது என்பது ஒலிபரப்புவோருக்குப் பெரும்பாலும் பொருந்தும். கேட்போருக்கோ உயரத்தைவிட, வீட்டிலிருந்து விலகியிருப்பதே முக்கியம். தொலைபேசிச் சார்ஜரும் மலிவான எல்ஈடி விளக்கும் சிற்றலையெங்கும் இரைச்சலைக் கொட்டுகின்றன. அந்த இரைச்சலில் அமிழ்ந்த குரலை விலையுயர்ந்த வானொலிப் பெட்டியாலும் மீட்க முடியாது.

ஆகவே வளவில் காடுள்ளவர் பாக்கியசாலி. ஹரல்ட் பெவரிஜ் 1921இல் காப்புரிமை பெற்ற அன்ரனா, இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் ஓர் அலைநீளமோ அதற்கு மேலோ ஓடும் கம்பி மாத்திரமே. அவ்வாண்டு டிசெம்பரில் போல் கொட்லி ஸ்கொட்லாந்தின் ஆர்ட்ரொசனில் ஏறக்குறைய 400 மீற்றர் கம்பியை இழுத்து, அத்லாந்திக்குக்கு அப்பாலிருந்த அமெச்சூர் நிலையங்களைக் கேட்டார். கம்பியின் தூர அந்தத்தை 450 ஓம் அளவான தடையினூடாக நிலத்துடன் இணைத்தால், அத்திசையிலிருந்து வருவதே மேலோங்கிக் கேட்கும். வீட்டுப் பக்கத்து அந்தத்தில் ஒன்பதுக்கு ஒன்று மின்மாற்றி. அங்கிருந்து கோஅக்சியல் வயர்.

இலைகள் சிற்றலையை அதிகம் மறிப்பதில்லை. காற்றுத்தான் எதிரி. கம்பியை இரு மரங்களிலும் இறுகக் கட்டினால் முதற் புயலிலேயே அறுந்துவிடும். ஒரு மரத்தில் கப்பி பூட்டி, கயிற்று நுனியில் கல் நிரப்பிய வாளியைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது வாளி ஏறி இறங்கும்.