எலியை ஒழிக்க ஏற்ற காலம்

உய்யக்கொண்டான் பாசனத்தில் நெல் பயிரிடும் உழவர்களிடம் எலியைப் பற்றிப் பேசினால், கதிர் வந்த பிறகு நேர்ந்த சேதத்தையே பெரும்பாலோர் சொல்வார்கள். பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு நாள் காலை பார்த்தால், வயலின் நடுவே தூர்கள் அடியில் சாய்வாக வெட்டப்பட்டுக் கிடக்கும். ஓரத்துப் பயிர் நன்றாக நிற்பதால் வரப்பில் நடப்பவருக்கு உள்ளே நடப்பது தெரிவதில்லை. அன்று மாலையே கடைக்குச் சென்று மருந்து வாங்கி வரப்பெங்கும் வைப்பார்கள். எலி அதைத் தொடாது. மருந்து போலி என்று கடைக்காரர் மேல் பழி விழும். மருந்தில் குறை இருக்க வேண்டியதில்லை. தலைக்கு மேல் கதிர் தொங்கும்போது எலி ஏன் பொரியைத் தேடி வரவேண்டும்?

எலியின் கணக்கு

நம் வயல்களில் அதிகச் சேதம் செய்வது கரம்பை எலி. புல் எலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி ஆகியவையும் உண்டு. ஆனால் கரம்பை எலிதான் கதிர்களை வெட்டி வளைக்குள் இழுத்துச் சென்று சேமித்து வைக்கும். வளை வாயில் புதிதாகத் தள்ளிய மண் குவியலாக இருந்தால் அது இதன் வேலை என்று அறியலாம். வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பதும் இதன் வழக்கம்.

இதன் சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை சாதாரணமாகப் போடும். குட்டிகளும் சில மாதங்களில் ஈனத் தொடங்கிவிடும். பயிர் கதிர் வாங்கும் காலத்தில்தான் இனப்பெருக்கம் உச்சத்தை அடைகிறது. உணவு பெருகினால் எலி பெருகும் என்பதற்கு மிசோ மலைப் பகுதியைச் சொல்லலாம். அங்கு 1959-இல் மூங்கில் பூத்துக் காய்த்தபோது அந்த விதையைத் தின்று பெருகிய எலிகள், விதை தீர்ந்ததும் வயல்களில் இறங்கின, பஞ்சமே வந்தது. நம் ஊரில் அந்த அளவு இல்லை என்றாலும் விதி ஒன்றுதான். நடவுக்கு முன் ஒரு ஜோடியை விட்டுவைத்தால் அறுவடைக்குள் ஒரு கூட்டத்துக்கே தீனி போட வேண்டியிருக்கும்.

எனவே எலி ஒழிப்புக்கு ஏற்ற காலம் வயல் வெறுமையாக உள்ள கோடையும், நட்ட பின் தூர் வெடிக்கும் வரையுள்ள நாட்களும் ஆகும். அப்போது எலிகள் உணவின்றி வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கி நிற்கும், வைத்ததைத் தின்னும்.

அரியமங்கலம் பக்கம்

மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட அரியமங்கலம் போன்ற இடங்களில் சிக்கல் சற்று வேறானது. பல ஆண்டுகள் மாநகரின் குப்பை இங்குதான் கொட்டப்பட்டது. இத்தகைய ஊர்களில் வயலுக்கு வயல் நடுவே மனைகள் விழுந்து, அவற்றில் சீமைக் கருவேலும் கோரையும் மண்டிவிடுகின்றன. ஓர் உழவர் தம் வரப்பைச் சுத்தமாக வைத்திருந்தாலும், பக்கத்துக் காலி மனையிலிருந்து ஒரு வாரத்தில் எலி குடியேறிவிடும். தனி ஒருவர் செய்யும் எலி ஒழிப்பு அவருக்குச் செலவு மட்டுமே. ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் அனைவரும் ஒரே வாரத்தில், காலி மனைகளையும் வாய்க்கால் கரையையும் சேர்த்துச் செய்தால்தான் பலன் உண்டு. மனைக்காரரைக் கண்டு பேசுவது கடினமான வேலைதான். ஆயினும் அதைத் தவிர்க்க வழியில்லை.

வரப்பும் வளையும்

அகன்ற வரப்பு எலிக்குக் கட்டிக் கொடுத்த வீடு. வரப்பை ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்கு மிகாமல் அண்டை வெட்டிக் குறுக்கி, புல்லைச் செதுக்கி வைக்க வேண்டும். கோடையில் வளைகளை வெட்டிப் பிடிப்பது இன்றும் மிகச் சிறந்த முறை. செங்கல்பட்டுப் பகுதி இருளர் மக்கள் வளை வாயில் மண்சட்டியை வைத்து, புகையை ஊதி எலியைப் பிடிப்பதில் வல்லவர்கள். வாயால் ஊதுவது நெஞ்சைக் கெடுக்கும் என்பதால் பின்னாளில் கையால் சுற்றும் புகைக் கருவியும் வந்தது.

நம் காவிரிப் பகுதிக்கு உரியது தஞ்சாவூர் கிட்டி. மூங்கிலின் வில் விசையால் எலியின் கழுத்தை நெரிக்கும் இக்கருவியை மாலையில் எலித்தடத்தில் வைத்து, விடியற்காலையில் எடுக்க வேண்டும். நஞ்சு இல்லை, நாய்க்கும் ஆந்தைக்கும் பின்விளைவு இல்லை.

ஆந்தையை அபசகுனம் என்று விரட்டுவோர் இன்னும் உள்ளனர். கூகை இரவெல்லாம் எலியையே தின்று வாழ்வது. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் அதற்குப் பெட்டி கட்டி வளர்க்கிறார்கள். நாம் எக்டருக்கு 40 முதல் 50 வரை 'டி' வடிவக் குச்சிகளையோ தென்னை மட்டைகளையோ நட்டால் போதும். கதிர் முற்றும்போது அவற்றை எடுத்துவிடுவது நல்லது. பகலில் தானியம் தின்னும் குருவிகளும் அவற்றில் அமரும்.

நச்சுணவு

முதல் நாள் மாலை எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட வேண்டும். மறுநாள் திறந்திருப்பவையே எலி உள்ள வளைகள். அவற்றில் இரண்டு மூன்று நாட்கள், சிறிது எண்ணெய் தடவிய பொரியை நஞ்சின்றி வைத்துப் பழக்க வேண்டும். அடுத்த நாள் 49 பங்கு பொரிக்கு ஒரு பங்கு துத்தநாக பாஸ்பைடு கலந்து, காகிதத்தில் மடித்து வளைக்குள் வைக்க வேண்டும். பழக்காமல் வைத்தால் சிறிது தின்று நோயுற்றுப் பிழைத்த எலி, பின்னர் அந்த உணவை முகர்ந்தும் பாராது. இதே காரணத்தால் ஒரே பருவத்தில் இதை மீண்டும் வைப்பதில் பயனில்லை. மிஞ்சியவற்றுக்கு 0.005 சதம் புரோமோடயலோன் கட்டியைப் பயன்படுத்தலாம். இது சில நாட்கள் கழித்தே கொல்வதால் எலி சந்தேகப்படுவதில்லை. ஆனால் இதைத் தின்ற எலியைப் பிடிக்கும் ஆந்தையின் உடலிலும் நஞ்சு சேரும்; ஆகவே மிஞ்சிய வளைகளில் மட்டும் வைக்கவும்.

துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது. கையால் பிசையாமல் குச்சியால் கலக்கவும். வீட்டுப் பாத்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம். மீந்த பொரியைக் குழந்தைகள் எடுத்துத் தின்னக்கூடும் என்பதால் அன்றே ஆழப் புதைக்க வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை அனுமதி பெற்ற பயிற்சியாளர்கள் மட்டுமே கையாள வேண்டியது. எவர் கொடுத்தாலும் வீட்டில் வைக்காதீர்கள்.

எலிக்கென்று வயலில் மின்கம்பி கட்டுவது சட்டப்படி குற்றம். கட்டியவரோ, விடியலில் தண்ணீர் பார்க்க வந்த பக்கத்து வயல்காரரோ அதில் மாண்ட செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு.

செத்த எலிகளை வெறுங்கையால் எடுக்காமல் மண்வெட்டியால் அள்ளிப் புதைக்கவும். எலியின் சிறுநீர் கலந்த நீரில் காலில் புண்ணோடு நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். சேற்று வேலைக்குப் பின் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு கண்டால், வயலில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லவும்.