மாதவிடாய் நின்ற பிறகு வரும் 'கௌட்': குளத்தில் இறங்குவது எப்போது?

கௌட் என்றாலே அது ஆண்களின் நோய், அதிலும் பியர் அருந்துபவர்களின் நோய் என்ற எண்ணம் மக்களிடையே இன்னும் இருந்து வருகிறது. ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவருக்கு விடியற்காலையில் கணுக்கால் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே தாங்க முடியாத வலி எடுத்தால், வீட்டில் முதலில் வரும் பதில் 'சுளுக்கு' என்பதுதான். அடுத்த பதில் 'வயசாச்சு, வாதம்'. தைலம் தேய்ப்பார்கள். வலியும் பத்து நாள்களில் தானாகவே அடங்கிவிடும். அடங்கிவிடுவதுதான் ஆபத்து. ஏனெனில் மூட்டுக்குள் படிந்த யூரிக் அமிலப் படிகங்கள் அப்படியே இருக்கும்.

பெண்களுக்கு இது ஏன் தாமதமாக வருகிறது? உடலில் சுரக்கும் எஸ்ட்ரோஜன், யூரிக் அமிலத்தைச் சிறுநீரகத்தின் வழியாக வெளியேற்றத் துணைபுரிகிறது. மாதவிடாய் நின்றதும் அந்தத் துணை குறைகிறது. இரத்தத்தில் யூரிக் அமிலம் மெல்ல ஏறுகிறது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ், மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு இந்நோய் வருவதில்லை என்று குறித்து வைத்திருப்பது வியப்பளிக்கிறது. இந்த வயதில் பலர் இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதுவும் யூரிக் அமிலத்தை உயர்த்தக்கூடும். அதற்காக அந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

ஆண்களுக்குப் பெரும்பாலும் கால் பெருவிரலில் தொடங்கும் வலி, பெண்களுக்குக் கணுக்கால், முழங்கால், கைவிரல் மூட்டுகளிலும் வருவது உண்டு. ஏற்கெனவே தேய்மானத்தால் முடிச்சு விழுந்த விரலில் கௌட் வந்தால் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

'தண்ணீரில் பயிற்சி செய்தால் யூரிக் அமிலம் கரைந்துவிடுமாமே?' இது பெண்கள் பலரும் கேட்கும் கேள்வி. கரையாது. இரத்தத்தில் யூரிக் அமிலம் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மைக்ரோமோலைத் தாண்டும்போது படிகங்கள் உருவாகத் தொடங்குகின்றன. அதை 360க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருந்தால்தான் பழைய படிகங்களும் படிப்படியாகக் கரையும். அடிக்கடி வலி வருபவர்களுக்கு அதைச் செய்வது அலோபுரினால் போன்ற மருந்துகளே. அவற்றைத் தொடங்கிய முதல் மாதங்களில் வலி திரும்ப வரலாம். 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் கதை வேறு; உடனே மருந்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலி கொதித்துக்கொண்டிருக்கும்போது குளத்துக்குச் செல்லக் கூடாது. உருவிவிடுவதும் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒத்தடம் கொடுத்து, மருத்துவர் தரும் மருந்தைச் சாப்பிட வேண்டும். கடையில் கிடைக்கும் வலி மாத்திரை, இரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவரின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். 'மூலிகை' என்று விற்கப்படும் சில மூட்டுவலி மாத்திரைகளில் ஸ்டெராய்டு கலந்திருப்பதைக் கண்டு, சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது.

வீக்கமும் சூடும் அடங்கிய பிறகே தண்ணீரின் வேலை தொடங்குகிறது. வலிக்குப் பயந்து மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலியும், எடை ஏறும், மூட்டு இறுகும். நிலத்தில் நடக்கச் சொன்னால் வலிக்கிறது. தண்ணீரோ உடலைத் தாங்குகிறது. இடுப்பளவு நீரில் நின்றால் கால்கள் சுமப்பது உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான். மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. 72 கிலோ எடையுள்ளவரின் கால்களுக்கு அது சுமார் 24 கிலோ! அதே சமயம் நீரின் எதிர்ப்பு தசைகளுக்கு வேலை கொடுக்கிறது.

இதற்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை. மார்பளவு நீரில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஐந்து நிமிடம் மெதுவாக நடக்கலாம். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, முழங்காலை மடக்கி நீட்டுவது, பாதத்தை வட்டமாகச் சுழற்றுவது, நீருக்குள் விரல்களை விரித்து மூடுவது. முதலில் வாரம் இரு முறை, கால் மணி நேரம் போதும். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் முன்பைவிட அதிகமாக வலித்தால், அடுத்த முறை குறைத்துக்கொள்ள வேண்டும். சில மருத்துவமனைகளில் உள்ள சிகிச்சைக் குளங்களில் நீர் 33 முதல் 35 டிகிரி வரை இதமாக இருக்கும், பிசியோதெரபிஸ்டும் உடனிருப்பார். நடையைப் பார்த்துக் காலணியை மாற்றச் சொல்வது, கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கக் கற்றுத் தருவது எல்லாம் அவர் வேலைதான்.

நம் பெண்கள் பலரைத் தடுப்பது வலியைவிடக் கூச்சம்தான். நீச்சலுடை என்றாலே வேண்டாம் என்பார்கள். உடல் முழுவதையும் மறைக்கும் நீச்சலுடைகள் கடைகளில் கிடைக்கின்றன. சிங்கப்பூரின் பொதுக் குளங்களில் அவற்றை அணியத் தடையில்லை. கூட்டம் குறைவான நேரத்தில் அக்கா தங்கையாக இருவர் சேர்ந்து சென்றால் கூச்சம் பாதியாகிவிடும்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் குளத்துக்கான ரப்பர் காலணி அணிவது அவசியம். திறந்த புண், காய்ச்சல், கட்டுப்படாத இதய நோய் உள்ளவர்கள் இறங்கக் கூடாது. தண்ணீருக்குள் வியர்ப்பது தெரியாது. உடலில் நீர் வற்றினால் யூரிக் அமிலம் உயரும் என்பதால் பயிற்சிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்க வேண்டும்; சிறுநீரக அல்லது இதய நோயாளிகள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். சீனி கலந்த பானம் வேண்டவே வேண்டாம். நெத்திலி, மத்தி, ஈரல் ஆகியவற்றைக் குறைக்கலாம். பருப்பையும் கீரையையும் பாவம், ஏன் ஒதுக்க வேண்டும்?

ஒன்றை மட்டும் குளம் தராது. எலும்பு உறுதி பெற அதன் மீது எடை விழ வேண்டும்; மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவதும் இதே காலத்தில்தான். எனவே மூட்டு ஒத்துழைக்கத் தொடங்கியதும் தரையிலும் சிறிது நடக்க வேண்டும். குளத்தை விட்டுப் படியேறும்போது உடலின் முழு எடையும் சட்டென்று கால்களுக்குத் திரும்பும். கைப்பிடியைப் பிடித்து, வலியில்லாத காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக ஏறுவது நல்லது.