படகுகளை வயிற்றில் சுமந்த கப்பல்கள்

ஒரு சேனையைக் கப்பலேற்றி ஆயிரம் மைல் கடலைக் கடந்து சென்றுவிடலாம். தொல்லையெல்லாம் கடைசி ஒரு மைலில்தான் தொடங்குகிறது. பெருங்கப்பல் ஆழமற்ற நீரில் நுழைய இயலாது. அது தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, வீரர்கள் துப்பாக்கியும் மூட்டையுமாக ஏணி வழியே, அலையில் ஏறித் தாழும் படகுகளுக்குள் இறங்க வேண்டும். இதற்கு வெகு நேரம் பிடிக்கும். கரையில் காத்திருக்கும் பகைவனுக்கு அந்த நேரமே போதுமானது. 1915-ஆம் ஆண்டில் கலிப்போலிக் கரையில் பிரிட்டிஷ் சேனை அடைந்த பெருஞ்சேதம் இதை உலகுக்கு உணர்த்திற்று. அந்நிகழ்ச்சியைக் கருத்துடன் ஆராய்ந்த நாடுகளுள் ஜப்பானும் ஒன்று.

அந்நாட்டில் இதற்கு விடை கண்டது தரைப்படையே என்பது சற்று வியப்பளிக்கலாம். ஜப்பானியத் தரைப்படைக்கும் கப்பற்படைக்கும் இடையே நிலவிய பிணக்கு பெயர் பெற்றது. துருப்புக்களைக் கரை சேர்ப்பதற்குப் பிறரை நம்பியிருக்க விரும்பாத தரைப்படை, தனக்கெனக் கப்பல்களையே கட்டிக்கொண்டது.

முதலில் உருவானது படகு. 'தைஹாட்சு' எனப்படும் அது ஏறத்தாழ 14½ மீட்டர் நீளமுள்ளது. டீசல் எஞ்சினால் மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் செல்லும். 70 வீரர்களையோ, ஓர் இலகு டாங்கியையோ அது ஏற்றிச் செல்லும். அதன் முகப்பு ஒரு கதவைப் போன்றது. படகு மணலில் தட்டியதும் அக்கதவு முன்புறமாகச் சாய்ந்து பாலமாகிவிடும். வீரர்கள் பக்கவாட்டில் ஏறிக் குதிக்க வேண்டியதில்லை. கரையை நெருங்கும்போதே பின்புறம் நங்கூரம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். பளு இறங்கியபின் அதன் வடத்தை இழுத்துச் சுற்ற, படகு தன்னைத்தானே மீண்டும் ஆழத்துக்கு இழுத்துக்கொள்ளும். எளிய உபாயந்தான், ஆயினும் கரையில் சிக்கிய படகு அடுத்த நடைக்கு உதவாது என்பதை எண்ணினால் அதன் அருமை விளங்கும்.

இப்படகுகளைச் சுமப்பதற்கென்றே 1934-இல் நீரில் இறக்கப்பட்டது 'ஷின்ஷு மாரு'. 144 மீட்டர் நீளமுள்ள இக்கப்பலின் உட்புறம் ஒரு பெரிய கூடமாக அமைந்திருந்தது. அங்கேயே வீரர்கள் படகுகளில் ஏறி அமர்ந்துவிடுவர். கப்பலின் பின்புறக் கதவுகள் திறந்ததும், படகுகள் தடங்களின் வழியே ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக் கடலில் இறங்கும். இத்தகைய பணிக்கென்றே வகுக்கப்பட்ட முதற் கப்பல் இதுவே எனலாம். இது பல காலம் இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. இதற்குப் புனைபெயர்களும் உண்டு.

படகின் இரகசியம் மட்டும் நிலைக்கவில்லை. 1937-இல் ஷாங்காய் அருகே ஜப்பானியர் கரையிறங்கியதைக் கண்ட விக்டர் க்ருலாக் என்னும் இளம் அமெரிக்க மெரைன் அதிகாரி, அக்கதவுப் படகைப் படமெடுத்துத் தம் நாட்டுக்கு அறிக்கை அனுப்பினார். அது பொருட்படுத்தப்படாமல் கோப்பில் உறங்கிற்று. பின்னர் அவரது வற்புறுத்தலும், படகு கட்டுபவரான ஹிக்கின்ஸின் திறமையும் சேர்ந்து, அமெரிக்காவின் கதவுப் படகுகள் 1941-இல் பிறந்தன.

1941 டிசம்பர் 8-இல் மலேயா மீது படையெடுப்புத் தொடங்கியபோது, தளபதி யமஷிடா இக்கப்பலில்தான் சிங்கோராவை அடைந்தார். அதே இரவில் கோட்டா பாருவில் இறங்கிய பிரிவு சாதாரணக் கப்பல்களில் வந்தது. கொந்தளித்த கடலில் படகுகளை இறக்குவதே அதற்குப் பெரும்பாடாயிற்று. படகுகள் சில கவிழ்ந்தன. கரையைக் காத்து நின்றவர்கள் இந்தியாவின் டோக்ரா படைப்பிரிவினர். அவர்களுடைய இயந்திரத் துப்பாக்கிகள் ஜப்பானியருக்குக் கடுஞ்சேதம் விளைவித்தன.

1942 மார்ச் 1-இல் ஜாவாவின் பாண்டம் விரிகுடாவில் ஷின்ஷு மாரு மூழ்கிற்று. எதிரிக் கப்பல்களை நோக்கி ஜப்பானியக் கப்பலான 'மொகாமி' எய்த டார்பிடோக்களே, குறி தவறித் தம்மவர் கப்பலைத் தாக்கின. சேனாதிபதி இமாமுராவும் கடலில் விழுந்து மிதந்து, பிறகே கரை சேர்ந்தார். கப்பல் பின்னர் மீட்கப்பட்டுச் செப்பனிடப்பட்டது.

இவ்வகைக் கப்பல்களின் பயன், கடல் ஜப்பானியர் வசம் இருந்தவரைதான். விசாலமான கூடம் படகுகளுக்கு எவ்வளவு வசதியோ, துளை விழுந்தால் உட்புகும் நீருக்கும் அவ்வளவு வசதி. அதே கூடத்தில் ஆயிரக்கணக்கான வீரர்களையும் நெருக்கி ஏற்றலாயினர். 1944 நவம்பரில் 23-வது டிவிஷனைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டு சென்ற கப்பல் தொகுதியில், விமானத் தளம் அமைந்த 'அகிட்சு மாரு'வும் 'மாயசன் மாரு'வும் இருந்தன. 15-ஆம் தேதி அகிட்சு மாருவை அமெரிக்க நீர்மூழ்கியான குவீன்பிஷ் மூழ்கடித்தது. 2,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரு நாட்களுக்குப்பின் பிகூடா என்னும் நீர்மூழ்கி மாயசன் மாருவைத் தாக்கியதில் 3,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களில் எவரும் எந்தக் கரையிலும் இறங்கவில்லை. ஷின்ஷு மாரு 1945 ஜனவரியில் தைவானுக்கு அருகே மறுமுறையும் தாக்குண்டு மூழ்கிற்று.